புத்தளம் களப்பு: உப்பு போன வழியும் ஆட்கள் வந்த வழியும்

"புத்தளத்தில என்ன சேர் இருக்கு பார்க்கிறதுக்கு? உப்பும் வெயிலும்தானே?"

தரம் 10 பிள்ளைகளின் சுற்றுலாவுக்குச் சம்மதக் கடிதம் அனுப்பியபோது ஒரு மாணவனின் வாப்பா தொலைபேசியில் எங்களிடம் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். மலைநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடல் காட்டுவதென்றால் காலி, திருகோணமலை என்று எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. நாங்கள் சிரித்துக்கொண்டே, "அந்த உப்பைப் பார்க்கத்தான் போகிறோம்" என்றோம். அவர் நம்பினாரோ இல்லையோ, கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

போய் வந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. டொல்பின் படங்களைப் பிள்ளைகள் ஏற்கனவே போட்டு முடித்துவிட்டார்கள். நாங்கள் எழுத நினைப்பது படத்தில் வராத விடயத்தை. கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறினோம். குருநாகல், வாரியபொல, பாதெனிய, நிக்கவெரட்டிய என்று ஏ10 வீதி இறங்கிக்கொண்டே போகிறது. தேயிலை மறைந்து தென்னை வந்தது. தென்னை குறைந்து பற்றைக்காடு வந்தது. புத்தளத்தை நெருங்கும்போது காற்றிலேயே உப்பு மணந்தது. சுமார் நான்கு மணித்தியாலப் பயணம்.

பஸ்ஸிலே பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டோம். "கண்டி இராச்சியத்தில் நெல் இருந்தது, மிளகு இருந்தது, பாக்கு இருந்தது, யானை இருந்தது. என்ன இருக்கவில்லை?" பொன், துப்பாக்கி, கப்பல் என்று ஆளுக்கொரு பதில் வந்தது. ஒரு பிள்ளைதான் மெதுவாக, "உப்பா சேர்?" என்றாள்.

உப்புத்தான். மலையில் எது விளைந்தாலும் உப்பு விளையாது. உப்பில்லாமல் சோறு மட்டுமல்ல, கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை, மாட்டுக்குத் தீனி இல்லை. கண்டி மன்னருக்கு உப்பு வந்த பெரிய வாசல்களில் ஒன்று மேற்கே புத்தளம், இன்னொன்று தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கத்து லேவாயக்கள். புத்தளம் என்ற பெயரே 'உப்புத்தளம்' என்பதிலிருந்து வந்தது என்று ஊரில் சொல்வார்கள்.

உப்பளத்தில் பிள்ளைகள் நிறைய நேரம் நின்றார்கள். களப்புத் தண்ணீரை மதகு வழியாக அகலமான, ஆழமில்லாத பாத்திகளுக்குள் விடுகிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க அது தடிக்கிறது. முதலில் ஜிப்சம் அடியில் படிகிறது. பிறகு அந்தத் தடித்த நீரை வேறு பாத்திக்கு மாற்றினால் உப்பு பூக்கிறது. அதை மரப் பலகையால் இழுத்துக் குவிக்கிறார்கள். இடையில் பெரிய மழை ஒன்று வந்தால் போதும், வாரக்கணக்கான வேலை கரைந்து போய்விடும். விஞ்ஞான பாடத்தில் ஆவியாதல் என்று ஒரு பந்தி படித்த பிள்ளைகள் அதைக் காலில் வெண்மை ஒட்ட நின்று பார்த்தார்கள்.

இந்த உப்பு மலைக்கு எப்படிப் போனது? தவளத்தில். பொதி மாடுகளை வரிசையாக ஓட்டிச் செல்லும் வணிகத்துக்குத்தான் தவளம் என்று பெயர். மலையிலிருந்து பாக்கும் மற்ற விளைபொருட்களும் இறங்கும். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏறும். கண்டி இராச்சியத்தில் இந்த மாட்டுப் போக்குவரத்தைக் கவனிக்க 'மடிகே பத்த' என்றொரு அரச பிரிவே இருந்தது. அதில் முஸ்லிம்கள் பெரும் பங்கு வகித்தார்கள். அதாவது, நாங்கள் பஸ்ஸில் நான்கு மணித்தியாலத்தில் இறங்கிய தூரத்தை எங்கள் முன்னோர்களில் பலர் மாட்டோடு நாட்கணக்கில் நடந்து ஏறினார்கள். எங்கள் சமையலறைக்கும் இந்தக் கரைக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது.

இனி களப்பைப் பற்றி. புத்தளம் களப்பு சுமார் 327 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இலங்கையின் மிகப் பெரிய களப்புகளில் ஒன்று. தெற்கே மீ ஓயாவும் வடக்குப் பக்கம் கலா ஓயாவும் நன்னீரைக் கொண்டு வந்து சேர்க்கின்றன. மேற்கே கற்பிட்டிக் குடாநாடு நீண்ட கையைப் போலக் கடலை மறித்து நிற்கிறது. கடலுக்கு வாய் வடக்கே இருக்கிறது. மழை குறைந்த மாதங்களில் ஆற்று நீர் வற்றி, களப்பு நீர் கடல் நீரைவிட உப்பாகிவிடுவதும் உண்டு. உப்பளத்துக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

இந்தக் கரையைப் பார்த்து எழுதி வைத்த வெளியூர்க்காரர்களில் நமக்கு நன்கு தெரிந்தவர் இப்னு பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்கு, அதாவது சோழமண்டலக் கரைக்குப் போகப் புறப்பட்டவரைக் காற்று இங்கே தள்ளிவிட்டது. அவர் 'பத்தாலா' என்று எழுதிய ஊர் புத்தளம்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மரத்தால் ஆன மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகான பட்டணம் என்கிறார். ஆற்று வெள்ளம் அடித்துக் கொண்டு வந்த கறுவா மரங்கள் கரை முழுவதும் மேடு மேடாகக் கிடந்ததாம். மஃபர், மலபார்க் கரை வணிகர்கள் அதை விலையின்றி எடுத்துக்கொண்டு, மன்னருக்குத் துணிமணிகளை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

இறங்குவதற்கு மாலுமிகள் பயந்தார்கள். இந்த மன்னர் கொடியவர், கடலில் கொள்ளையடிக்கக் கப்பல் வைத்திருப்பவர் என்றார்கள். இப்னு பதூதா தானே முதலில் இறங்கிப் போனார். ஆரியச் சக்கரவர்த்தி பாரசீகம் புரிந்தவர். வந்தவரை உபசரித்து, முத்துக்களைக் காட்டி, என்ன வேண்டும் கேளுங்கள் என்றார். இந்தத் தீவுக்கு வந்த நாள் முதல் எனக்கு ஒரே ஆசை, ஆதம் நபியின் பாதத்தைப் பார்ப்பதுதான் என்றார் விருந்தாளி. நாம் பாவா ஆதம் மலை என்று சொல்வதைத்தான் சொன்னார். மன்னர் பல்லக்குக் கொடுத்தார். வழித்துணைக்கு நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தன் ஆட்கள் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர்.

இந்த இடத்தில் பஸ்ஸில் கொஞ்சம் நிறுத்தினோம். ஒரு முஸ்லிம் பயணியை, ஓர் இந்து மன்னர், யோகிகளையும் பிராமணர்களையும் துணைக்கு அனுப்பி, பௌத்தர்களும் வணங்கும் மலைக்கு வழியனுப்பிய கதை இது. இதற்கு நாங்கள் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கே புரிந்தது.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குத் திரும்பும் வீதி சுமார் 40 கிலோமீற்றர். இரு பக்கமும் மணலில் வெங்காயப் பாத்தி, மிளகாய்ப் பாத்தி, தென்னை. நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தூரத்திலேயே தெரியும். எங்கள் ஊர் விளக்கு எரிவதில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. வழியில் தலவில புனித அன்னாள் ஆலயம். திருவிழாக் காலத்தில் நாடெங்கும் இருந்து கத்தோலிக்கர்கள் வந்து குவியும் இடம். இதே மாவட்டத்தில் முன்னேஸ்வரம் கோயிலும் இருக்கிறது, உடப்புத் தீமிதிப்பும் இருக்கிறது.

கற்பிட்டிக் கோட்டையைப் பார்க்க முன் அனுமதி எடுக்க வேண்டும், கடற்படை முகாம் உள்ளே இருக்கிறது. பவளக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் கொண்டு கட்டிய தடித்த சுவர்கள். ஒல்லாந்தர் 1659இல் போர்த்துக்கேயரிடமிருந்து கற்பிட்டியைப் பிடித்தார்கள். 1667இல் கோட்டை வேலையைத் தொடங்கி 1676இல் முடித்தார்கள்.

கோட்டைச் சுவரருகே நின்று பிள்ளைகளிடம் கேட்டோம். "இந்தக் கோட்டை ஏன் பெருங்கடல் பக்கம் இல்லாமல் களப்புப் பக்கம் நிற்கிறது?" கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு ஒரு மாணவன் சொன்னான். "கடலால வாறவன மறிக்க இல்ல சேர். உள்ளுக்குப் போறவன மறிக்க."

அதுதான் விடயம். காலிக் கோட்டையைப் போல இது எதிரிக் கப்பலை மட்டும் பார்த்துக் கட்டியதல்ல. புத்தளம் அப்போது கண்டி மன்னரின் துறை. களப்பின் வாயில் உட்கார்ந்தால் அந்தத் துறைக்கு வரும் ஒவ்வொரு தோணியையும் நிறுத்தலாம். பாக்கு வெளியே போவதையும் துணியும் உப்பும் உள்ளே போவதையும் கணக்கெடுக்கலாம், வேண்டாதபோது அடைத்துவிடலாம். ஓர் இராச்சியத்தை வெல்லப் படை கொண்டு மலை ஏற வேண்டியதில்லை, அதன் உப்பு வாசலில் ஒரு பூட்டுப் போட்டால் போதும் என்பதுதான் கணக்கு. மலை ஏறிய ஐரோப்பியப் படைகள் எத்தனையோ தடவை தோற்றுத் திரும்பின. பூட்டு தோற்கவில்லை.

1761 முதல் நடந்த போரின் முடிவில், 1766 ஒப்பந்தப்படி கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னர் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்தார். கண்டி அன்று முதல் நான்கு பக்கமும் நிலத்தால் சூழப்பட்ட நாடாயிற்று. ஆனால் அந்த ஒப்பந்தத்தில்கூட, மன்னரின் மக்கள் உப்பு எடுத்துக்கொள்ளும் உரிமை தனியாக எழுதப்பட்டது. கரை முழுவதும் கைவிட்டுப் போன பிறகும் விட முடியாத பொருள் உப்பு.

அதே காலத்தில் தண்ணீர் வழிப் பாதையும் பெருகியது. நீர்கொழும்பிலிருந்து வடக்கே சிலாபம், முந்தல் வழியாகப் புத்தளம் களப்பு வரை ஒல்லாந்தர் வாய்க்கால் வெட்டிக் களப்புகளை ஒன்றோடொன்று இணைத்தார்கள். பின்னர் வந்த பிரித்தானியர் 1802க்கும் 1804க்கும் இடையில் கொழும்புப் பக்கத்திலிருந்து நீர்கொழும்பை நோக்கி ஹமில்டன் வாய்க்காலை வெட்டினார்கள். வீதியும் ரயிலும் வரும் வரை சரக்கு தட்டைப் படகுகளில் இந்த நீர்வழியேதான் போய் வந்தது. இன்று பல இடங்களில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது.

கறுவா, முத்து, பாக்கு, உப்பு. வந்த ஆட்சியாளர்கள் எல்லோரும் இந்தக் களப்பை எதை எடுக்கலாம் என்று பார்த்தவர்கள்தான். அந்தப் பழக்கம் அவர்களோடு முடியவில்லை. 1980களிலும் 90களிலும் கண்டல் காட்டை வெட்டி இறால் பண்ணை போட்டோம். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணை பண்ணையாக அழிந்தது. கண்டலும் இல்லை, இறாலும் இல்லை என்று வெறும் பள்ளங்கள் மிஞ்சின. மீன் குஞ்சு வளரும் தொட்டில் கண்டல் வேர்தான் என்பது கரையில் பிறந்த சிறுவனுக்கும் தெரியும். அங்கங்கே இப்போது திரும்ப நடுகிறார்கள். படகில் போகும்போது அந்த இளங்கன்றுகளைப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

எடுத்தவர்களின் கதைக்குக் கோட்டை இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, பேரேடு இருக்கிறது. வந்து தங்கியவர்களின் கதைக்கு என்ன இருக்கிறது?

புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடி என்றொரு ஊர். ஆபிரிக்க வம்சாவளி மக்கள் சிறு தொகையாக வாழ்கிறார்கள். போர்த்துக்கேயர் முதல் பிரித்தானியர் வரை அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டு வந்தவர்களின் பரம்பரை. படைப்பிரிவு கலைக்கப்பட்ட பின் இங்கேயே தங்கிவிட்டார்கள். போர்த்துக்கேயம் கலந்த பழைய மொழி பேச்சில் தேய்ந்துவிட்டது, 'மஞ்ஞா' பாட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. திரும்பிப் போகக் கப்பல் இல்லாதவர்களுக்கு இந்தக் கரை ஊரானது.

அடுத்து 1990. இதைப் பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் படிக்கவில்லை. எங்களுக்குப் படகோட்டிய நாநாதான் சொன்னார்.

கண்டல் ஓரமாக இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "நான் இந்தக் கரைக்கு முதல் முதலா வந்தது இதே மாதிரிப் படகிலதான்" என்றார். அப்போது அவருக்கு எட்டு வயது. மன்னார்த் தீவு. 1990 ஒக்டோபர் கடைசி. விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்ன நாட்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம் அவகாசம். கையில் சில நூறு ரூபாய். மாகாணம் முழுவதும் 70,000க்கும் மேற்பட்டோர் வீடு, காணி, கடை, பள்ளி எல்லாவற்றையும் விட்டு வந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து பெருந்தொகையானோர் கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். "உம்மா என்னத் தூக்கித் தந்தா. யாரோ ஒராள் இடுப்பளவு தண்ணில நின்டு வாங்கினார். அந்தாள் யாரென்டு இன்டைக்கும் தெரியா" என்றார்.

புத்தளத்து மக்கள் அன்று செய்ததை நாம் மறக்கக் கூடாது. பள்ளிகளைத் திறந்தார்கள், பாடசாலைகளைத் திறந்தார்கள், தென்னந்தோட்டங்களில் கொட்டில் போட இடம் கொடுத்தார்கள், சோறு ஆக்கிப் போட்டார்கள். அவர்களும் வசதியான மக்கள் அல்லர். ஒரே கட்டிடத்தில் காலையில் ஊர்ப் பிள்ளைகளும் பிற்பகலில் வந்த பிள்ளைகளும் படித்தார்கள்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு கிழமை என்று வந்தவர்கள் இருபது, முப்பது வருடம் இருந்தார்கள். கிணறு அதே கிணறுதான், வேலை அதே வேலைதான், வகுப்பறை அதே வகுப்பறைதான். 'அகதி' என்ற சொல் முதலில் இரக்கமாக இருந்தது, பிறகு அடையாளமாக மாறியது, கடைசியில் சில வாய்களில் ஏச்சாகவும் ஆனது. இரு பக்கமும் மனக்கசப்பு வளர்ந்தது. யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகு சிலர் திரும்பிப் போனார்கள். அங்கே காடு மூடிய காணியும் இடிந்த சுவரும் இருந்தன. சிலர் போகவில்லை. சிலர் இரண்டு இடத்திலும் கால் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் மாணவன் ஒருவன் நேரடியாகவே கேட்டான். "அப்ப நாநா, நீங்க புத்தளமா, மன்னாரா?"

அவர் கோபப்படவில்லை. "எங்கட அப்பாட கபுறு மன்னார்ல. வாப்பாட கபுறு கற்பிட்டியில. நான் எந்த ஊர் என்டு நீயே சொல்லு மகன்."

படகில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் விளக்கணைத்த பிறகு, நாங்கள் 1626 பற்றிச் சொன்னோம். அந்த வருடம் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சியிலிருந்த கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். கண்டியை ஆண்ட செனரத் மன்னர் அவர்களுக்கு இடம் கொடுத்தார். சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார். மற்றும் பலர் மலைநாட்டுக் கிராமங்களில் நிலம் பெற்றார்கள். இன்று கண்டி மாவட்டத்தில் நாம் 'எங்கள் ஊர்' என்று சொல்லும் ஊர்கள் சிலவற்றின் ஆரம்பத்தில் இப்படி ஓர் இரவும், ஒரு மூட்டையும், கதவைத் திறந்துவிட்ட யாரோ ஒருவரும் இருக்கிறார்கள். அவர்களையும் யாராவது சில காலம் 'வந்தவர்கள்' என்றுதான் அழைத்திருப்பார்கள். நானூறு வருடத்தில் அது மறந்து போய்விட்டது. மறந்ததால்தான் இன்னொருவரைப் பார்த்து 'வந்தவன்' என்று சொல்ல நமக்கு வாய் வருகிறது.

கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர் சைமன் காசிச் செட்டி. 1834இல் இலங்கையின் ஊர்களையும் மக்களையும் பற்றி ஒரு பெரிய விபரக் கொத்தை, 'சிலோன் கசற்றியர்' என்ற பெயரில் வெளியிட்டார். வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதுவார்கள் என்று காத்திருக்காமல் ஒரு கற்பிட்டிக்காரர் உட்கார்ந்து எழுதினார். அதனால்தான் அந்தக் காலத்து ஊர்களைப் பற்றி நமக்குப் பல விடயங்கள் தெரிகின்றன. 1990இல் படகிலிருந்து கைமாற்றப்பட்ட பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயது தாண்டிவிட்டது. தூக்கிக் கொடுத்த உம்மாமார் பலர் மௌத்தாகிவிட்டார்கள். தண்ணீரில் நின்று வாங்கிய அந்த மனிதர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதை எழுதி வைக்க வேறு யாரும் வரப்போவதில்லை.

ஆகவே சுற்றுலா அறிக்கைக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தோம். 'எங்கள் குடும்பம் இந்த ஊருக்கு எப்போது, எப்படி வந்தது? முதலில் இடம் கொடுத்தது யார்?' வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும்.

இதுவரை 31 பேர் கொண்டு வந்திருக்கிறார்கள். சிலரிடம் மூன்று வரிதான் இருக்கிறது. ஒருவன் மட்டும் நான்கு பக்கம் எழுதியிருந்தான். அவனுடைய மூத்தம்மாவின் வீட்டுப் பரணில் மாட்டின் கழுத்தில் கட்டும் பழைய மணியொன்று கிடந்ததாம். எதற்கென்று தெரியாமலே வைத்திருந்தார்களாம். கேட்டபோதுதான் அவர் தன் வாப்பாவிடம் கேட்ட தவளக் கதையைச் சொன்னாராம். எழுதியவன் வேறு யாருமல்ல. "உப்பும் வெயிலும்தானே" என்று கேட்டாரே, அவருடைய மகன்தான்.

புத்தளம், கற்பிட்டி, மன்னார் உறவுகளே, 1990இல் அந்தக் கரையில் நின்றவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வந்தவர்களும் எழுதுங்கள், வரவேற்றவர்களும் எழுதுங்கள். கீழே கருத்துப் பகுதியில் எழுதினாலும் போதும். எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.